சிவப்பு நெகட்டிவ்: வெள்ளவத்தைக் குளியலறையில் இன்க்ஜெட் ஃபிலிமிலிருந்து வெள்ளிப் பிரிண்ட்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் டிஜிட்டல் நெகட்டிவ் அடித்து, அதை மல்டிகிரேட் பேப்பரின் (விழும் வெளிச்சத்தின் நிறத்தைப் பொறுத்து கொன்ட்ராஸ்ட் மாறும் கறுப்பு வெள்ளை ஃபோட்டோ பேப்பர்) மேல் வைத்துக் காண்டாக்ட் பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்றால், நெகட்டிவைக் கறுப்பில் அடிக்காதீர்கள், சிவப்பில் அடியுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இதிலே எங்கே படம் வரப்போகிறது என்று தோன்றும், அவ்வளவு மெல்லியதாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்க்கப்போவது நம் கண் இல்லை, பேப்பர். பேப்பருக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். இது விளங்கிய பிறகு, அதுவரை இழுத்தடித்த பிரச்சினைகளில் பாதி (மை காயாதது, நெகட்டிவ் பேப்பரில் ஒட்டுவது, படத்தில் ஓரிடம் மட்டும் சோர்ந்து கிடப்பது) தானாகவே அடங்கிவிட்டது. மீதிப் பாதி கொழும்பின் வெக்கையாலும் ஈரத்தாலும் வருவது, அதற்கு வைத்தியம் வேறு.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கமராவிலோ போனிலோ எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை இருளாகவும் இருளை வெளிச்சமாகவும் புரட்டி, கடைசிப் பிரிண்ட் எந்த அளவோ அதே அளவில் பிளாஸ்டிக் ஃபிலிமில் அடிக்க வேண்டும். இருட்டறையில் அந்த ஃபிலிமை பேப்பரின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டி, டெவலப் பண்ணினால் சரி. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழுத்தும் என்லார்ஜர் தேவையில்லை. சயனோடைப், சால்ட் பிரிண்ட், பிளாட்டினம் போன்ற பழைய பிரிண்ட் முறைகளைச் செய்பவர்கள் இந்த வழியைப் பல வருடங்களாகப் பாவிக்கிறார்கள். அவர்களுக்கு வசதி என்னவென்றால், வாட்டர்கலர் பேப்பரின் சொரசொரப்பில் பிரிண்டரின் புள்ளிகள் எல்லாம் மறைந்துபோகும். பளபளப்பான வெள்ளி ஜெலட்டின் பேப்பரில் எதுவும் மறையாது. அதோடு இன்னொன்று: பிளாட்டினத்துக்கு நெகட்டிவின் மிகத் தெளிவான இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் இடையே லொக் கணக்கில் 1.8க்கும் மேலே வேண்டும், அதாவது வெளிச்சம் அறுபது மடங்குக்கும் மேல் மாற வேண்டும். நடுத்தரக் கிரேடில் (கிரேட் என்பது பேப்பரின் கொன்ட்ராஸ்ட் அளவு) வெள்ளிப் பேப்பருக்கு 1.1 கிட்டப் போதும், பன்னிரண்டு பதின்மூன்று மடங்குதான். அந்தச் சின்ன இடத்துக்குள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எல்லாம் நடந்து முடிகிறது. ஆகவே நெகட்டிவில் மை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பிரிண்டில் அது பெரிதாகத் தெரியும்.

பிறகு ஏன் இந்த வேலை, படத்தை நேரே ஃபோட்டோ பேப்பரில் அடித்தால் முடிந்துவிடுமே என்று வீட்டிலேயே கேட்டார்கள். இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் பிரிண்ட்களை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறுப்பு மையில் வராது. அவர் 1944இல் இறந்த பிறகு நெகட்டிவ்களை எல்லாம் அழித்துவிட்டார்கள் என்பதும், இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை அவர் கையால் போட்ட பிரிண்ட்கள்தான் என்பதும் கூட எனக்கு ஒரு காரணம்.

சாமான்களுக்கு வருவோம். பிரிண்டர், வீட்டிலிருந்த எப்சன் எல்805. ஏ4 அளவு, ஆறு மை: கறுப்பு, சையன், மஜெந்தா, மஞ்சள், லைட் சையன், லைட் மஜெந்தா. எல்லாம் டை மை (கரைந்த சாயம்), பிக்மென்ட் (நிறத்தூள்) இல்லை. சாம்பல் மை கிடையாது என்பதைக் கவனியுங்கள், கதை அங்கேதான் இருக்கிறது. பேப்பர், இல்ஃபோர்ட் மல்டிகிரேட் ஆர்சி, பேர்ள் மேற்பரப்பு. யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவரச் சொல்வேன். விமான நிலைய எக்ஸ்ரேயைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஃபிலிமோடு ஒப்பிட்டால் பேப்பரின் வேகம் மிகக் குறைவு, ஒன்றும் ஆகாது. வெக்கைக்குத்தான் பயப்பட வேண்டும். பக்கெட்டை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன், வேலைக்கு முன் சில மணித்தியாலம் வெளியே எடுத்து வைத்த பிறகுதான் பையைத் திறப்பேன். குளிரோடு திறந்தால் கொழும்புக் காற்றில் பேப்பர் முழுக்க வேர்த்துவிடும்.

ஃபிலிம்தான் பெரிய தேடல். டிஜிட்டல் நெகட்டிவ்காரர்கள் எல்லோரும் சொல்லும் பிக்டோரிகோ ஃபிலிமை வரவழைக்கிற காசுக்கு இங்கே வேறு எவ்வளவோ செய்யலாம். புறக்கோட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன். பனியன், பேனர், பாடசாலை பேட்ஜ் அடிப்பவர்கள் இன்க்ஜெட்டில் பொசிட்டிவ் எடுக்கப் பாவிக்கும் பால் நிற ஃபிலிம் அங்கே ஏ4 பக்கெட்டில் இருந்தது. கடைக்கார நானா ஒரு தாளை உருவி மேசையில் போட்டார்.

"எந்தப் பக்கம் அடிக்கணும் தெரியுமா தம்பி? விரலை நனைச்சுத் தொட்டுப் பாருங்க. ஒட்டுற பக்கம்தான் மை பிடிக்கும்."

தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் விரல் நுனியை மெல்லப் பிடித்தது. எதற்கென்று கேட்டார், சொன்னேன். ஃபோட்டோ பேப்பர் என்றதும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது, தேத்தண்ணி வரவழைத்து, முன்பு அச்சகத்தில் இருந்த கதையைச் சொன்னார். "கமரா ரூமுக்குள்ள சிவப்பு லைட்தான் எரியும். லித் ஃபிலிமுக்கு சிவப்பு தெரியாது. மறைக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் நாங்க சிவப்பு ஃபிலிமைத்தான் பிளேடால வெட்டி ஒட்டினது. பாக்க கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும், பிளேட்டுக்கு அது கட்டிக் கறுப்பு."

அன்றைக்கு அதைக் கதையாகத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல கறுப்பில்தான் தொடங்கினேன்.

கறுப்பு நெகட்டிவில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகைப் பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுதான் நடக்கும். எல்805இல் 'கிரேஸ்கேல்' தெரிவு செய்தாலும் அது கறுப்பு மையை மட்டும் பாவிப்பதில்லை. நடுத்தரச் சாம்பலை சையன், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்குகிறது. நல்ல பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் என்று ஒன்றுமே இருக்காது, நீலமும் ரோசாவும் மஞ்சளுமாகப் பொடிப் பொடியாகக் கிடக்கும். கண்ணுக்கு அது சேர்ந்து சாம்பலாகத் தெரிகிறது. மல்டிகிரேட் பேப்பருக்கு அப்படித் தெரியாது. அந்தப் பேப்பரின் எமல்ஷனில் (வெளிச்சம் பட்டால் மாறும் பூச்சு) நீலத்துக்கு அசையும் பகுதியும் பச்சைக்கு அசையும் பகுதியும் உண்டு. நீல வெளிச்சம் விழுந்தால் கொன்ட்ராஸ்ட் கூடும், பச்சை விழுந்தால் குறையும். என்லார்ஜரில் மஜெந்தா ஃபில்டர் போட்டால் கிரேட் ஏறுவதும் மஞ்சள் போட்டால் இறங்குவதும் இதனால்தான். இப்போது நெகட்டிவே பல நிற மையால் ஆனது என்றால், அதன் ஒவ்வொரு இடமும் தனித்தனி ஃபில்டராகிவிடுகிறது. மஞ்சள் தூக்கலாக விழுந்த சாம்பலில் ஒரு கிரேட், மஜெந்தா தூக்கலான சாம்பலில் இன்னொரு கிரேட். அம்மம்மாவின் படம் ஒன்றில் கன்னம் சரியாக வந்தது, நெற்றி மட்டும் சப்பென்று கிடந்தது. அந்த இடத்தைப் பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது மஞ்சள் புள்ளி அடர்ந்திருந்தது.

இதைவிட மோசம் சையன். சையன் மை தடுப்பது சிவப்பு வெளிச்சத்தை. பேப்பருக்குச் சிவப்பே தெரியாது. அப்படியானால் நெகட்டிவில் விழும் சையனில் பெரும்பகுதி பேப்பருக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத மை. கண்ணுக்குக் கறுப்பாகக் காட்டுவதற்காக வந்து, ஃபிலிமை நனைத்து, காயாமல் கிடந்து, பேப்பரில் ஒட்டிக்கொள்வது மட்டும்தான் அது செய்யும் வேலை. நானா சொன்ன சிவப்பு ஃபிலிம் எனக்கு ஞாபகம் வந்தது அப்போதுதான். மஞ்சள் மை நீலத்தைத் தடுக்கிறது, மஜெந்தா மை பச்சையைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. பேப்பர் பார்க்கும் வெளிச்சம் இரண்டையும் சிவப்பு தடுத்துவிடுகிறது. சையனும் கறுப்பும் வேண்டவே வேண்டாம்.

ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் இதைச் செய்வது சுலபம். படத்தைச் சாம்பலாக்கி, 16 பிட்டில் வைத்து, கர்வ் போட்டு (சாம்பல் அளவுகளைத் திருத்தும் வளைகோடு, அதற்குப் பிறகு வருகிறேன்), புரட்டி, இடம் வலமாகத் திருப்பிவிட வேண்டும். மை அடித்த பக்கம் பேப்பரின் எமல்ஷனைத் தொட்டுக்கொண்டு கீழே பார்க்க வேண்டும், அதற்குத்தான் இந்தத் திருப்பல். திருப்பாமல் அடித்து மைப் பக்கத்தை மேலே வைத்தால் ஃபிலிமின் தடிப்பு இடையில் வந்து கூர்மையைத் தின்றுவிடும். பிறகு படத்தை ஆர்ஜிபிக்கு மாற்றி, மேலே ஒரு லேயர் போட்டு, அதைச் சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று நிரப்பி, லேயர் மோடை 'ஸ்கிரீன்' ஆக்கினால் கறுப்பாக இருந்த இடமெல்லாம் முழுச் சிவப்பாகும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், நடுவில் உள்ளவை ரோசாவாக இறங்கும். பிரிண்டர் டிரைவரில் பேப்பர் வகை பிரீமியம் குளோசி, தரம் ஆகக் கூடியது, 'ஹை ஸ்பீட்' டிக்கை எடுத்துவிட வேண்டும் (எடுத்தால்தான் ஹெட் ஒரு திசையில் போகும்போது மட்டும் அடிக்கும், கோடுகள் குறையும்), கலர் கரெக்ஷனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்'. இந்தத் தெரிவுகளை ஒரு பெயரில் சேமித்து வைத்துவிட்டு பிறகு கை வைக்கக் கூடாது. ஒன்றை மாற்றினாலும் போட்ட கர்வ் எல்லாம் வீண்.

முழுச் சிவப்பு அடர்த்தி கூடிப்போய்விட்டது. படிப்பட்டை ஒன்று, 0இலிருந்து (பிரிண்டில் கறுப்பு) 100 (வெள்ளை) வரை ஐந்து ஐந்தாக 21 கட்டம், அடித்துப் பிரிண்ட் போட்டால் 80க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. ஆகவே நிறத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கண்ணால் சொல்லவே முடியாது. ஒரே ஃபிலிமில் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள், சிவப்பு, ரோசா வழியாக மஜெந்தா வரை நிறங்களைக் கிடையாகவும், ஒவ்வொன்றின் செறிவையும் நிலைக்குத்தாகவும் வைத்து ஒரு பெட்டிப் படம் அடித்தேன். அதைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த கட்டம். ஃபிலிமில் கண்ணைப் பறிக்கும் பளிச் மஞ்சள் பேப்பரில் நடுச் சாம்பலாக வந்தது, ஏனென்றால் பச்சை வெளிச்சம் தடையில்லாமல் போய்விட்டது. பார்க்க அடர்த்தியான மஜெந்தா அதைவிடக் கறுத்து வந்தது, நீலம் முழுக்க உள்ளே போனதால். இரண்டுக்கும் நடுவில், சிவப்புப் பக்கத்தில் மட்டும்தான் வெள்ளை. அதிலும் மெல்லிய சாம்பல் விட்டு இப்போதுதான் வெள்ளையான கட்டம் எதுவோ, அதுதான் நமக்கு வேண்டிய நிறம். என்னுடையது செம்மஞ்சள் பக்கம் கொஞ்சம் சாய்ந்த, செறிவு குறைந்த சிவப்பு. உங்கள் பிரிண்டருக்கும் மைக்கும் ஃபிலிமுக்கும் வேறாக இருக்கும், என் எண்ணைச் சொல்லிப் பிரயோசனமில்லை, பெட்டிப் படத்தை நீங்களே அடியுங்கள்.

இதற்கு முன்பு வெளிச்சம் காட்டும் நேரத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும். மை படாத வெறும் ஃபிலிமால் பேப்பரில் பாதியை மூடி, பட்டை பட்டையாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபிலிமுக்குக் கீழே உள்ள கறுப்பும் ஃபிலிம் இல்லாத பக்கத்துக் கறுப்பும் வித்தியாசம் தெரியாமல் ஒன்றாகும் முதல் பட்டைதான் உங்கள் நேரம். அதற்குக் குறைந்தால் பிரிண்டில் கறுப்பு இராது, கூடினால் நிழல்கள் அடைத்துவிடும். பால் நிற ஃபிலிம் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், அந்தக் கணக்கும் இந்த நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். பிறகு எந்தப் படம் போட்டாலும் இதே நேரம்தான். படம் கறுத்துவிட்டது, வெளுத்துவிட்டது என்று நேரத்தில் கை வைக்கக் கூடாது. திருத்தம் எல்லாம் கொம்பியூட்டரில்.

வெளிச்சத்துக்கு என்லார்ஜர் இல்லை என்றேன் அல்லவா, புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் ரிமோட் வைத்த ஆர்ஜிபி எல்இடி பல்ப்தான். கலியாண வீட்டு அலங்காரத்துக்கு வாங்குவார்களே, அதேதான். யோசித்துப் பார்த்தால் மல்டிகிரேட் பேப்பருக்கென்றே செய்தது போல இருக்கிறது: சிவப்பில் விட்டால் சேஃப்லைட் (பேப்பரைப் பாதிக்காத இருட்டறை வெளிச்சம்), பச்சையில் விட்டால் மென்மை, நீலத்தில் விட்டால் கடினம். ஆனால் சிவப்பை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும், மலிவுப் பல்ப்களில் மற்ற நிறம் கசியலாம். பேப்பரை முதலில் மெல்லிய சாம்பல் வரும் அளவுக்கு வெளிச்சம் காட்டி, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் சில நிமிடம் விட்டு டெவலப் பண்ணுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்தச் சிவப்பு ஆகாது. வெறும் வெள்ளைப் பேப்பரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள், ஏற்கெனவே வெளிச்சம் பட்ட பேப்பர்தான் கசிவுக்குக் கெதியில் அசையும். பல்ப் குளியலறை மேல்தட்டில், திறந்த பக்கத்தில் இரண்டு மடிப்பு டிரேசிங் பேப்பர் ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. வெளிச்சம் அவ்வளவு தணிந்தால்தான் நேரம் கையால் அளக்கும் அளவுக்கு நீளும், பரவிய வெளிச்சத்தில் தூசியும் கீறலும் கொஞ்சம் அடங்கும். ரிமோட்டை அழுத்தி நேரம் பிடிக்க முடியாது, நிறம் மாறும்போது பல்ப் நடுவில் வேறு நிறம் காட்டும். அதனால் கண்ணாடியின் மேல் கறுப்பு அட்டையை வைத்துவிட்டு நிறத்தை மாற்றி, போனில் மெட்ரோனோம் தட்ட, அட்டையை எடுத்து எண்ணி, திரும்ப மூடுகிறேன். பச்சையில் 15 வினாடி, நீலத்தில் 4. இந்த விகிதத்தை ஒருதரம் பூட்டிவிட்டேன். மல்டிகிரேட் பேப்பர் வைத்திருந்தும் கிரேடை மாற்றாமல் இருப்பது சிலருக்கு அநியாயமாகத் தெரியும். கர்வ் ஒன்று வேலை செய்ய வேண்டுமென்றால் மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

கர்வ் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். உண்மையில் வேலை இதுதான்: 21 கட்டப் பிரிண்ட் காய்ந்ததும் ஸ்கேனரில், எல்லாத் தானியங்கித் திருத்தங்களையும் அணைத்துவிட்டு, 16 பிட் சாம்பலில் ஸ்கேன் பண்ணுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி எண்ணையும் எழுதிக்கொண்டு, ஆகக் கறுத்ததை 0 ஆகவும் வெளுத்ததை 100 ஆகவும் வைத்து மற்றவற்றை அந்த அளவுக்கு மாற்றினால், கேட்டது என்ன கிடைத்தது என்ன என்று தெரிந்துவிடும். 30 கேட்ட இடத்தில் 18 கிடைத்திருந்தால், 30 வேண்டும்போது எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதை அதே பட்டியலில் மேலே பார்த்தால் போதும். கெவின் பியோர்க் (Kevin Bjorke) என்பவர் எழுதிய சார்ட்த்ரொப் என்ற இலவச ஸ்கிரிப்ட் ஃபோட்டோஷொப்பில் இதைத் தானே செய்து தரும், என்னிடம் ஃபோட்டோஷொப் இல்லாததால் பட்டியலும் பென்சிலும்தான். ஒரு விஷயம் மட்டும்: 21 எண்ணையும் அப்படியே கர்வில் குத்தாதீர்கள். ஸ்கேனர் இரைச்சல், பேப்பரின் அலை எல்லாம் சேர்ந்து கர்வ் நெளியும், வானத்தில் வரப்பு வரப்பாக விழும். ஆறேழு புள்ளி, வழுவழுப்பான கோடு. பிறகு அந்தக் கர்வோடு திரும்பப் படிப்பட்டையை அடித்துச் சரிபார்த்தால் நிழலில் 5க்கும் 10க்கும் இடையே ஒரு வித்தியாசம் தெரிய வேண்டும். முதலில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மை மிகக் கொஞ்சமாகத் தெளித்த இடம் வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுக்காததால் நிழல் பக்கத்தை நன்றாகத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

இனிக் கொழும்பு. டை மை அடித்த ஃபிலிம் இங்கே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், காய்ந்திருக்காது. கண்ணாடிக்குக் கீழே இறுக்கி வைத்து எடுத்தால் அடர்ந்த இடங்கள் பேப்பரோடு ஒட்டி, எமல்ஷனில் திட்டுத் திட்டாகத் தடம் விழும். மழை நாளில் இது இன்னும் மோசம். சையனைக் கழற்றிவிட்டதே பெரிய விடுதலை, மையின் அளவு அப்படியே குறைந்துவிட்டது. அதற்கு மேல், அடித்த ஃபிலிமை இரவு முழுக்க ஃபேனுக்குக் கீழே விட்டு, காலையில் தலை காய வைக்கும் டிரையரால் மெல்லிய சூடு காட்டி, இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். மறுநாள் இரவுதான் பிரிண்ட். அவசரப்பட்டால் ஒரு பேப்பர் போகும், அந்தப் பேப்பர் லண்டனிலிருந்து யாருடைய சூட்கேசிலோ வந்தது என்பது ஞாபகம் வந்தால் அவசரம் தானாகக் குறையும்.

இன்னொரு தொல்லை பற்சக்கரத் தடம். பிரிண்டர் வெளியே தள்ளும் இடத்தில் சின்னச் சின்ன பற்சக்கரங்கள் உண்டு, ஈர மையின் மேல் அவை உருண்டுபோனால் வரிசையாகக் குத்துப் புள்ளி விழும். ஃபிலிமில் கண்ணுக்கே தெரியாது. பிரிண்டில் வெளிர்ந்த வானத்தின் நடுவே கறுப்புப் புள்ளிகள் எறும்பு ஊர்ந்தது போல ஒரே நேர்கோட்டில் நிற்கும். வெள்ளவத்தை ரயில் பாதைக்குப் பக்கத்துக் கடல் படம் ஒன்று இப்படிப் போனது. மை குறைந்ததும் இதுவும் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. வானம் பெரிதாக உள்ள படங்களில் சக்கரங்கள் எங்கே உருளும் என்று ஃபிலிமில் முன்கூட்டியே குறித்துவைத்து, படத்தை அந்தக் கோடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி அடிக்கிறேன்.

இரசாயனங்களில் நீண்ட கதை இல்லை. டெவலப்பர் நானே கலக்கும் டி-72: ஒரு லீட்டருக்கு மெட்டோல் 3 கிராம், சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, சோடியம் கார்பனேட் 80 (நீரற்ற வகை என்றால் 68), பொட்டாசியம் புரோமைட் 2. இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும், பாவிக்கும்போது ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர். மெட்டோல் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும், கையுறை போடுங்கள். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டொப்புக்கு வெள்ளை வினாகிரியை மூன்று மடங்கு தண்ணீரில். குழாய்த் தண்ணீர் 29 டிகிரியில் வரும் ஊரில் புத்தகம் சொல்லும் 20 டிகிரிக்குப் போராடுவது வீண் வேலை. தட்டைப் பெரிய பேசினுக்குள் வைத்து, சுற்றிவர ஐஸ் போட்ட தண்ணீர் ஊற்றி, 24இல் நிறுத்துகிறேன், எப்போதும் 90 வினாடி. 24ஓ 26ஓ முக்கியமில்லை, படிப்பட்டை போட்ட நாளில் எத்தனையோ அதே எண் பிரிண்ட் போடும் நாளிலும் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்து வெப்பம் இரண்டு டிகிரி ஏறினாலே நிழல் கட்டங்கள் திரும்ப ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிரிண்ட் எப்படி இருக்கிறது. அம்மம்மாவின் படத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் இரண்டு பக்கக் கஷ்டமும் உண்டு: வெள்ளை முடி, வெள்ளைச் சேலை, பின்னால் கதவு மூலையின் இருட்டு. சிவப்பு நெகட்டிவில் முடி இழை இழையாகப் பிரிந்து வந்திருக்கிறது, சேலைக் கரையின் நூல் வேலை தெரிகிறது, நெற்றியின் சோர்வு போய்விட்டது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய ஃபிலிம் நெகட்டிவிலிருந்து எடுத்தது என்றுதான் சொல்வார்கள். பெருக்கிக் கண்ணாடியை வைத்தால் கதை வேறு. கதவு மூலையின் கறுப்புக்குள் ஊசி முனை அளவில் வெளிர் புள்ளிகள் தூவியிருக்கின்றன. அதே இடத்தை நெகட்டிவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வழுவழுப்பான இள ரோசாதான். காரணம் மஞ்சள். லைட் மஜெந்தா இருக்கிறது, லைட் மஞ்சள் என்று ஒன்று இந்தப் பிரிண்டரில் இல்லை. மெல்லிய நிறங்களிலும் முழு மஞ்சள் புள்ளியைத்தான் அங்கொன்று இங்கொன்றாகத் தெளிக்க வேண்டும். நம் கண்ணுக்கு மஞ்சள் புள்ளி தெரியாது, நீல வெளிச்சத்தில் பார்க்கும் பேப்பருக்கு அது கட்டிக் கறுப்புப் புள்ளி.

இந்தப் புள்ளிக்காகத்தான் பச்சை வினாடியைக் கூட்டி நீலத்தைக் குறைத்தேன். பச்சை கூடினால் மஜெந்தாவும் லைட் மஜெந்தாவும் வேலையைச் செய்யும், மஞ்சளுக்கு வேலை குறையும். 15க்கு 4 என்ற விகிதத்தில் புள்ளி பாதியாக அடங்கியிருக்கிறது. அப்படியானால் நீலத்தை முழுக்க அணைத்து, மஞ்சளையும் கழற்றிவிட்டு, வெறும் மஜெந்தா நெகட்டிவைப் பச்சை வெளிச்சத்தில் மட்டும் போட்டால் என்ன என்ற கேள்வி தானாக வரும். ஒரு படிப்பட்டை போட்டுப் பார்த்தேன். நிழல்கள் பெருக்கிக் கண்ணாடியிலும் வழுவழுவென்று வந்தன, புள்ளியே இல்லை. ஆனால் பச்சையில் பேப்பரின் கொன்ட்ராஸ்ட் மிகக் குறைவு, நெகட்டிவ் இன்னும் அடர்ந்திருக்க வேண்டும், இந்த மஜெந்தா மை முழு அளவில் விழுந்தும் 100ஆவது கட்டம் வெள்ளையாகாமல் இலேசான சாம்பலில் நின்றுவிட்டது. ஒரே ஃபிலிமை இரண்டுதரம் பிரிண்டருக்குள் விட்டு மஜெந்தாவை இரட்டிப்பாக்கலாம், ஆனால் இரண்டாம் தரம் அதே இடத்தில் சரியாக உட்கார வேண்டும், மை காயும் பிரச்சினையும் திரும்ப வரும். 90க்கு மேலே உள்ள கட்டங்களில் மட்டும் மஞ்சளைக் கலந்து, அங்கே மட்டும் சில வினாடி நீலம் வேலை செய்ய விடுவது இதைவிட நடக்கக்கூடிய வழியாகத் தெரிகிறது. ஜிம்ப்பில் ஒற்றைச் சிவப்பு லேயருக்குப் பதிலாக, மஜெந்தாவில் தொடங்கி கடைசியில் சிவப்பில் முடியும் கிரேடியன்ட் மேப் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். ஃபிலிம் அடித்து ஃபேனுக்குக் கீழே கிடக்கிறது.